திராட்சைத் தோட்டம் சொல்லும் பருவக் கதை

ஒயின் போத்தலின் மேல் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அது போத்தலில் அடைத்த ஆண்டு அன்று. திராட்சையைப் பறித்த ஆண்டு. அந்த ஓராண்டின் வெயில், மழை, பனி எல்லாம் சுவையில் தெரியும் என்பதால்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் பினோ நுவார் திராட்சை, வெள்ளை ஒயினுக்குச் சார்டனே. வகை ஒன்றானாலும் மண்ணும் மலைச்சரிவும் மாறினால் சுவை மாறும். ஆகவே போத்தலில் ஊர்ப் பெயருக்கே முதலிடம். ஓர் ஊரின் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தாமல் காக்க 1935-இல் பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தது.

குளிர்காலத்தில் இலையுதிர்ந்து கொடி உறங்கும். அப்போது கிளைகளைக் கத்தரிப்பார்கள். ஏப்ரலில் துளிர் விடும். ஜூனில் பூக்கும். பூத்து ஏறத்தாழ 100 நாளில் அறுவடை.

அருந்துவதிலும் பருவம் உண்டு. கோடையில் குளிரவைத்த ஷாப்லி வெள்ளை ஒயினை மீனுடன் விரும்புவார்கள். குளிர்காலத்தில் சிவப்பு ஒயினும், அதிலேயே வேகவைத்த கோழியும் மேசைக்கு வரும்.

இந்தப் பருவ ஒழுங்குதான் இப்போது குலைகிறது. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதலான அறுவடை நாள்களை ஆய்வாளர்கள் பழைய கணக்கேடுகளிலிருந்து திரட்டி 2019-இல் வெளியிட்டார்கள். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-இல் அறுவடை தொடங்கியது. 1988-க்குப் பின் அது சராசரியாக 13 நாள் முன்னதாகவே வந்துவிட்டது. பூமி சூடாவதற்கு இதைவிட நீண்ட சாட்சி அரிது.

வெப்பம் கூடினால் பழம் இனிக்கும், நல்லதுதானே என்று கேட்கலாம். சர்க்கரை கூடினால் போதையும் கூடும். அந்த ஊருக்கே உரிய மென்மையான புளிப்பு குறையும். இன்னோர் ஆபத்தும் உண்டு. 2021 மார்ச் இறுதியில் வெயில் அதிகமாக இருந்ததால் கொடிகள் முன்கூட்டியே துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் கடும் உறைபனி இறங்கியது. இரவெல்லாம் தோட்டங்களில் நெருப்புச் சட்டிகளை ஏற்றிவைத்தும் பல விவசாயிகளால் துளிர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

ஊரின் பெயரைச் சட்டம் காக்கலாம். அந்தப் பெயருக்குரிய பருவத்தை யார் காப்பது? விருந்தில் ஒயின் போத்தலைக் கண்டால், அருந்தாதவர்களும் அதிலுள்ள ஊரையும் ஆண்டையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ஒரு விவசாயியின் ஓராண்டு உழைப்பு அதில் இருக்கிறது.