எக்ஸ்எக்ஸ்ஒய் (திரைப்படம்)

எக்ஸ்எக்ஸ்ஒய் 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அர்ஜென்டீனத் திரைப்படமாகும். செர்ஹியோ பிசியோவின் சிறுகதையொன்றைத் தழுவி லூசியா புயென்சோ எழுதி இயக்கினார். இது இவரது முதல் முழுநீளப் படம். இடைப்பாலினராகப் பிறந்த, அதாவது ஆண், பெண் என்ற வழமையான பகுப்புக்குள் அடங்காத உடற்கூறுடைய, 15 வயது அலெக்சைப் பற்றிய கதை இது.

கதைச்சுருக்கம்

அக்கம்பக்கத்தாரின் கேள்விகளைத் தவிர்க்க அலெக்சின் பெற்றோர் புவெனஸ் ஐரிசை விட்டு உருகுவேயின் கடற்கரை ஊரொன்றில் குடியேறுகின்றனர். தந்தை கிராக்கென் கடல்வாழ் உயிரினங்களை ஆய்பவர். தாய் சுலி, அறுவை மருத்துவர் ஒருவரைக் குடும்பத்துடன் விருந்தினராக அழைக்கிறார். உடல் ஆண்தன்மை அடைவதைத் தடுக்கும் மருந்துகளை அலெக்ஸ் நிறுத்திவிடுகிறார். மருத்துவரின் மகன் அல்வாரோவுக்கும் அலெக்சுக்கும் நெருக்கம் ஏற்படுகிறது.

விமர்சகர்களின் வரவேற்பு

விமர்சகர்கள் பெரும்பாலும் இப்படத்தை வரவேற்றனர். அலெக்சாக நடித்த இனேஸ் எஃப்ரோன், தந்தையாக நடித்த ரிக்கார்டோ தாரின் ஆகியோரின் நடிப்பும், நத்தாஷா பிராயரின் சாம்பல் நிறம் தோய்ந்த ஒளிப்பதிவும் பாராட்டப்பட்டன. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2008 இல் சாதகமான விமர்சனம் எழுதினார்.

அலெக்சின் உடலை வேடிக்கைப் பொருளாகக் காட்டாமையும், முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டமையும் படத்தின் சிறப்புகளாகக் கருதப்படுகின்றன. குழந்தைப் பருவத்திலேயே அறுவைச் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்ட ஒருவரைக் கிராக்கென் தேடிச் சென்று சந்திக்கும் காட்சி இதற்கு எடுத்துக்காட்டாகும். தெரிவு செய்வதற்கு எதுவுமே இல்லையெனில் என்ன என்று பின்னர் அலெக்ஸ் தந்தையிடம் வினவுகிறார். ஒப்புதல் அளிக்கும் வயதை அடையாத குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளை இடைப்பாலினர் அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்த்து வருவதால், இக்காட்சிகள் தனிக் கவனம் பெற்றன.

குறியீடுகள் மிகுதியாக உள்ளன என்ற குறையும் கூறப்பட்டது. கிராக்கென் இறந்த கடலாமையின் உடலை அறுத்து அதன் பாலைக் கண்டறிவது அத்தகைய குறியீடுகளுள் ஒன்று.

தலைப்பு குறித்த சர்ச்சை

படத்தின் தலைப்பு மருத்துவ நோக்கில் பொருத்தமற்றது என்பது முக்கியமான குறைகூறலாகும். எக்ஸ்எக்ஸ்ஒய் என்பது கிளைன்ஃபெல்ட்டர் கூட்டறிகுறியின் நிறப்புரி அமைப்பைக் குறிக்கும். அதனை உடையோர் பொதுவாக ஆண் உடலமைப்புடன் பிறக்கின்றனர். பலர் வளர்ந்த பின்னரே, பெரும்பாலும் மலட்டுத்தன்மைக்கான சோதனைகளின்போது, இதனை அறிகின்றனர்.

அலெக்சின் நிலைமையின் பெயரைப் படம் தெளிவாகக் கூறுவதில்லை. எனினும் காட்டப்படும் மருந்துகளும் உடல் மாற்றங்களும் பிறவி அண்ணீரகச் சுரப்பி மிகைவளர்ச்சியை ஒத்துள்ளன. இந்நிலையால் இவ்வாறு பாதிக்கப்படுவோருக்கு வழமையாக எக்ஸ்எக்ஸ் நிறப்புரிகளே காணப்படும். எனவே தலைப்பை நேர்ப்பொருளில் கொள்ளும் பார்வையாளர்கள், வேறுபட்ட இரு நிலைமைகளை ஒன்றெனக் கருதும் வாய்ப்புள்ளது. ஆண், பெண் நிறப்புரிகளின் கலப்பைச் சுட்டும் உருவகமாக மட்டுமே தலைப்பைக் கொள்வது பொருந்தும்.

விருதுகள்

2007 கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் பெரும் பரிசையும், 2008 இல் சிறந்த எசுப்பானிய மொழி வெளிநாட்டுப் படத்துக்கான எசுப்பானியாவின் கோயா விருதையும் இப்படம் பெற்றது. 80 ஆவது ஆஸ்கார் விருதுகளுக்கு அர்ஜென்டினாவின் சார்பில் அனுப்பப்பட்டாலும் இறுதிப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறவில்லை.