சர்க்கரை சூடும் கிருமிகள்

சர்க்கரை என்றதும் நம் நாவில் பாயசமும் பொங்கலும் இனிக்கின்றன அல்லவா? ஆனால் நோய் தரும் பாக்டீரியாக்களும் சர்க்கரையின் துணைகொண்டே நம்மைத் தாக்குகின்றன என்றால் நம்புவீர்களா, தோழியரே?

புரதத்துடன் சர்க்கரை மூலக்கூறுகளை இணைக்கும் வேலை நம் உடல் செல்களில் இடைவிடாது நடைபெறுகிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களுக்கு இத்திறமை இல்லை என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்ற உதவிய கிருமிகளுள் ஒன்று கேம்பைலோபாக்டர் ஜெஜுனி. இது கோழியின் குடலில் பெரும்பாலும் தீங்கு செய்யாமல் வாழ்கிறது. சரியாக வேகாத கோழிக்கறி, காய்ச்சாத பால் ஆகியவற்றின் வழியே நம் வயிற்றில் புகுந்தாலோ வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாகின்றன.

இக்கிருமி சர்க்கரையை இணைக்கும் விதம் விந்தையானது. நாம் மல்லிகையை ஒவ்வொரு பூவாகத் தலையில் வைப்பதில்லை. சரமாகத் தொடுத்த பின்பே சூடுகிறோம். அதுபோலவே கிருமியும் தன் செல் சவ்வின் உட்புறத்தில், ஒரு கொழுப்பு மூலக்கூறின் மீது ஏழு சர்க்கரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. பின்பு அச்சரம் சவ்வின் மறுபுறத்திற்குத் திருப்பப்படுகிறது. அங்கே பிஜிஎல்பி என்னும் நொதி, சரம் முழுவதையும் எடுத்துப் புரதத்திலுள்ள அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்தில் சூட்டிவிடுகிறது.

இது வெறும் அலங்காரமா? இல்லை. இத்திறமையை இழந்த கிருமிகளால் கோழிக்குஞ்சின் குடலில் நன்கு குடியேற முடியவில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. கிருமி நீந்துவதற்குரிய கசையிழையின் புரதத்தில் சூடாமினிக் அமிலம் என்னும் வேறொரு சர்க்கரை இணைகிறது. அது இல்லாவிடில் கசையிழையே உருவாகாது. கிருமி நீந்தவும் இயலாது.

இதனால் நமக்கு என்ன பயன்? பல நாடுகளில் இக்கிருமி சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்க மறுக்கிறது. ஆனால் சூடாமினிக் அமிலத்தையும், ஏழு சர்க்கரைச் சரத்தின் முதற் சர்க்கரையான பாசிலோசமினையும் மனித உடல் தயாரிப்பதில்லை. ஆகவே இவை உருவாவதை மட்டும் தடுக்கும் மருந்து கிடைத்தால், நம் செல்களுக்குத் தீங்கின்றிக் கிருமியின் வலிமையைக் குறைக்கலாம் அன்றோ?

முள்ளை முள்ளால் எடுக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. 2002-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து, பிரிட்டன் நாட்டு விஞ்ஞானிகள் இக்கிருமியின் சரம் சூட்டும் திறமையை ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மாற்றிக் காட்டினர். அவ்வழியில் இன்று தடுப்பூசிகளை உருவாக்க முயன்று வருகின்றனர்.

பகைவனின் தந்திரம் தெரிந்தால் பாதி வெற்றி நமதே. மீதி வெற்றி கிட்டும் வரை கோழிக்கறியை நன்கு வேகவைப்போம். பாலைக் காய்ச்சிப் பருகுவோம். உண்ணுமுன் கைகளைச் சோப்பினால் கழுவுவோம்!