மூலிகைச் சாறு இதயத்தையும் கிட்னியையும் காப்பாற்றுமா?



"மருதம்பட்டைக் கஷாயம் குடிச்சா இதயத்துக்கு பலம், மூக்கிரட்டை சாப்பிட்டா கிட்னிக்கு ஒண்ணும் வராது" என்று நாம் குழுவில் பேசிக்கொள்வது உண்டு. இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

நாம் சாப்பிடும் பல மருந்துகள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அங்கே அவை அதிகம் சேர்ந்தால் சிறுநீரகச் செல்கள் கெட்டுப்போகும். ஜென்டாமைசின் ஊசியும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கலாம்.

எலிகளுக்கு இப்படிப்பட்ட மருந்துகளைக் கொடுத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நெருஞ்சில், மூக்கிரட்டைச் சாறு கொடுத்த எலிகளுக்கு சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மருதம்பட்டைச் சாறு கொடுத்தவற்றுக்கு இதயப் பாதிப்பு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அங்கே சாற்றை அளந்து, பெரும்பாலும் முன்கூட்டியே கொடுத்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன கிட்னியைக் கஷாயம் சரியாக்கிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

"பச்சிலைதானே, என்ன செய்யப்போகுது?" என்று நினைப்பதும் தப்பு. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகியவற்றில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. இது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட 100க்கும் மேற்பட்டவர்களுக்கு சிறுநீரகம் கெட்டது. இதே இனச் செடி ஒன்று அதில் தவறுதலாகக் கலந்திருந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

* வயலில் மருந்தடிக்கும்போது கையுறை போட்டு, வாய் மூக்கை மூடிக்கொள்வோம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைப்போம்.
* கை கால் வலிக்கு டாக்டரைக் கேட்காமல் தினமும் வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.
* பூச்சிமருந்து வயிற்றுக்குள் போய்விட்டால் பச்சிலை அரைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே 108ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
* சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும்.
* மூலிகை சாப்பிட விரும்புபவர்கள் அரசு சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடலாம். மற்ற டாக்டர்களிடமும் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுவோம். படிக்கத் தெரியாத அக்கா, அம்மாமார்களுக்கும் விஷயம் போய்ச் சேரட்டும்.