எளியோர்க்கேற்ற மடிக்கணினி

ஒரு பொருளின் விலையைக் கடைக்காரர் கூறிவிடுவர். அப்பொருள் நம்மிடத்தில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை நாமே ஆராய்ந்தறிதல் வேண்டும். மடிக்கணினியைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி இன்று பலர்க்கும் இன்றியமையாததாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலந்தொட்டுப் பாடமும் பயிற்சியும் திரைவழி வரலாயின. 2022இல் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலையும் உடனுயர்ந்தது. ஆதலின், குறைந்த செலவில் அன்றாட வேலைக்குப் போதுமான கணினியைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். கைப்பொருளை இழந்து கற்றேன். 2021இல் கண்டி நகரக் கடையொன்றில், இருந்தவற்றுள் விலை குறைந்த புதுக் கணினியை வாங்கினேன். மெல்லிய உடல், பளபளக்கும் மூடி. நினைவகம் 4 ஜி.பி.; சேமிப்பகம் ஈ.எம்.எம்.சி. என்னும் வகையில் 64 ஜி.பி. ஓராண்டு கழியுமுன்னரே விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடம் போதாதாயிற்று. வினாத்தாளொன்றைத் திறந்துவைத்து இணையப் பக்கங்கள் இரண்டை விரித்தால் திரை அசையாது நிற்கும். நினைவகத்தைக் கூட்டித் தருமாறு கேட்டபோது, இரண்டும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, மாற்ற இயலாது என்றனர். வாங்குமுன் அதனைக் கேளாதது என் பிழையே.

அப்பிழை பின்னர் வேறொருவர்க்கு உதவிற்று. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயொருவர், என்னிடம் பயின்ற தம் மகள் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவானதும், சீட்டெடுத்த 75,000 ரூபாவுடன் என்னிடம் வந்தார். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கழிவுகளை எண்ணாது கணக்கிடினும் அப்பணம் 55 நாளுக்கு மேற்பட்ட உழைப்பாகும். "சேர், புதுசாவே வாங்கிக் குடுங்க. பழசு வாங்கினா பிள்ளைய சிரிப்பாங்க" என்றார். அவர் கூற்றில் நியாயமில்லாமலில்லை. ஆயினும் அத்தொகைக்கு அன்று கடைகளிற் புதிதாகக் கிடைத்தவை என் பழைய கணினியின் உடன்பிறப்புகளாகவே இருந்தன.

முதலில், வேலை யாது எனக் கேட்டல் வேண்டும். கட்டுரை தட்டச்சிடுதல், பாடக்குறிப்புகளைப் படித்தல், இணையவழி விரிவுரை கேட்டல் ஆகிய இவற்றுக்கு ஆற்றல் மிக்க முறைவழியாக்கி வேண்டியதில்லை. வேண்டுவன 8 ஜி.பி. நினைவகமும், எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம் 256 ஜி.பி.யுமே. சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், பல நிமிடம் தாமதித்து விழிக்கும் பழைய கணினியும் அரை நிமிடத்தளவில் விழித்தெழும். அதைவிட முக்கியமானது, இவ்வுறுப்புகள் கழற்றி மாற்றத்தக்கனவாயிருத்தல். பணமுடையவர் பழுதான கணினியை எறிந்துவிட்டு வேறு வாங்குவர். சீட்டுப் பணத்தில் வாங்குபவர்க்கு அந்த வசதி இல்லை.

இக்காரணத்தால், வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்றவற்றையே யான் நாடினேன். அலுவலகங்களுக்கெனச் செய்யப்பட்ட இவற்றின் விசைப்பலகை உறுதியானது. அடிமூடியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம். இவற்றுள்ளும் மிக மெல்லியவற்றில் நினைவகம் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே மாதிரியின் பெயரைக் குறித்துக்கொண்டு இணையத்திற் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் நன்று.

பழைய கணினியின் வயதை அறிய ஒரு வழியுண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஐ5-7200யூ, ஐ5-8250யூ என்னும் இரண்டையும் கடைக்காரர் 'ஐ5' என்று ஒரே மூச்சிற் கூறுவர். சிறு கோட்டுக்குப் பின்வரும் முதலிலக்கமே தலைமுறையைக் காட்டும். முன்னது ஏழாந் தலைமுறை, பின்னது எட்டாந் தலைமுறை. முன்னதற்கு உட்கருக்கள் இரண்டு, பின்னதற்கு நான்கு. அன்றியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறைவெய்தியது. விண்டோஸ் 11, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லின் எட்டாந் தலைமுறை முதலானவற்றையே முறைப்படி ஏற்கும். ஏழாந் தலைமுறைக் கணினியை மலிவாகப் பெற்றவர் உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையையும் லிப்ரே ஒஃபிஸ் மென்பொருளையும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். எனினும் கற்றுத்தர அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

பழைய கணினியில் முதலில் நலிவது பற்றரி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்தாரில்லை. பற்றரியின் ஆதிக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் காட்டும் அறிக்கையை விண்டோஸே தரும்; இன்றையது பாதிக்குக் குறைந்திருப்பின் புதுப் பற்றரியின் விலையைக் கழித்தே பேரம் பேசுக. திரை 1920க்கு 1080 புள்ளிகள் உடையதாயின், நீண்ட தமிழ்ச் சொற்கள் நெருக்கமின்றித் தெரியும். தமிழுக்கெனத் தனிக் கணினி வேண்டும் என்பார் சிலர், அது தவறு. பாமினி எழுத்துருவில் அமைத்த வினாத்தாள் வேறிடத்தில் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றுவது எழுத்துருவின் குறையேயன்றிக் கணினியின் குறையன்று. யூனிகோட்டில் எழுதினால் அவ்விடர் இல்லை.

எளியோர்க்கெனவே கணினி செய்ய உலகளாவிய முயற்சியொன்றும் நிகழ்ந்தது. நிக்கலஸ் நெக்ரொபொன்டே என்பார் பிள்ளைக்கொரு மடிக்கணினி 100 டொலருக்கு என 2005இல் அறிவித்தார். 2007இல் அது வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 200 டொலர். நம் நாட்டிலும் 2009இல் ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றுக்கு அது வழங்கப்பட்டது. சொன்ன விலை கைகூடாவிடினும், சிறுவரும் திறந்து பழுதுபார்க்குமாறு அதனை அமைத்திருந்தனர். அந்நோக்கத்தை இன்றைய மலிவுக் கணினிகள் பலவற்றிற் காணேன்.

இறுதியில் எட்டாந் தலைமுறைக் கணினியொன்றை, 8 ஜி.பி. நினைவகத்துடன் 68,000 ரூபாவுக்கு, மூன்று மாத உத்தரவாதத்தை எழுத்திற் பெற்று வாங்கினோம். மூடியில் ஒரு கீறல் இருந்தது. மகள் அதன்மேல் படமொன்றை ஒட்டிவிட்டாள். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி முழங்கத் தொடங்கியதும் மின்செருகியைக் கழற்றிவிடுமாறு கூறியனுப்பினேன். மிகுந்த 7,000 ரூபாவைத் தாயார், பற்றரி மாற்றும் நாளுக்கென மகளின் சேமிப்புக் கணக்கில் இட்டு வைத்துள்ளார்.