தோளுக்கு ஒரு தோள்

துன்பத்தில் உதவுவதைத் ‘தோள் கொடுத்தல்’ என்கிறோம். அந்தத் தோளே முறிந்துவிட்டால்? கிணற்றடியில் வழுக்கி விழுந்த என் பாட்டி, கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இந்தக் கை மறுபடி தலைக்கு எட்டுமா?” அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் சுழல்வதே தோள்மூட்டு. நம் உடலில் மிகுதியாக அசையும் மூட்டு இதுவே. அதைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள், பந்தைக் குழியோடு அணைத்துப் பிடிக்கின்றன. முதுமையில், சிறப்பாக மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, எலும்பின் அடர்த்தி குறைகிறது. ஆகவே நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே மேற்கை எலும்பின் மேல்முனை முறிந்துவிடுகிறது.

எல்லா முறிவுக்கும் கத்தி தேவையா? தேவையில்லை. துண்டுகள் அதிகம் விலகாவிட்டால் சில வாரத் தொட்டிலும், பின்னர் முறையான பயிற்சியும் போதும். விலகிய முறிவுகளைப் பற்றிப் பிரிட்டனில் 250 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே செய்த அறுவைகளுள் பெரும்பாலானவை தகடு பொருத்துபவை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டோருக்கும் செய்துகொள்ளாதோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை!

ஆனால் தலைப்பகுதி பல துண்டுகளாகச் சிதறினால் நிலைமை வேறு. குருதியோட்டம் அறுந்த உருண்டை உயிரிழக்கக்கூடும். உளுத்த மரத்தில் ஆணி நிற்காதது போல, நலிந்த எலும்பில் திருகாணியும் நிற்பதில்லை. இங்கேதான் செயற்கை மூட்டு உதவிக்கு வருகிறது.

இதன் வரலாறு சுவையானது. 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் பெயான், காசநோயால் அழிந்த ஒரு தோளில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். நோய்த்தொற்றால் பின்னர் அதை அகற்ற நேர்ந்தது. 1950-களில் நியூயார்க்கின் சார்லஸ் நீர், முறிந்த தலைக்கு மாற்றாக உலோக உருண்டையைப் பொருத்தினார். எனினும் தசைநாண்கள் பற்றியுள்ள எலும்புத் துண்டுகள் சரியாக ஒட்டாவிட்டால், வலி குறைந்தாலும் கை உயரவில்லை.

பிரான்சு நாட்டின் டிஜோன் நகர மருத்துவர் பால் கிராமோன், 1985-ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தார். பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றினார்! பந்து தோள்பட்டையில், கிண்ணம் மேற்கை எலும்பில். இதனால் சுழலும் மையம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் நகர்கிறது. தோளைப் போர்த்தியுள்ள டெல்டாய்டு தசைக்கு நெம்புகோலின் கரம் நீள்கிறது. நாண்கள் சிதைந்திருந்தாலும் அத்தசையே கையை உயர்த்துகிறது. இயற்பியல் வகுப்பில் நாம் படித்த நெம்புகோல் தத்துவம் அன்றோ இது!

முதலில் நாண் கிழிந்து தேய்ந்த மூட்டுகளுக்கென அமைந்த இம்முறை, பின்னர் முதியோரின் முறிவுகளுக்கும் வந்தது. நார்வேயில் 65 முதல் 85 வயதுள்ள 124 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கடுமையாக விலகிய முறிவுகளில், தகடு பெற்றோரைவிடத் தலைகீழ் மூட்டுப் பெற்றோரின் தோள் இரண்டாம் ஆண்டில் நன்கு இயங்கியது.

குறைகளும் உண்டு. நோய்த்தொற்று, மூட்டு நழுவுதல், நரம்புக் காயம் ஆகியவை நேரலாம்; செலவும் மிகுதி. ஆகவே முறிவின் தன்மை, உடல்நலம், அன்றாடத் தேவை மூன்றையும் எடைபோட்டே முடிவு செய்தல் வேண்டும்.

என் பாட்டிக்கு அறுவை தேவைப்படவில்லை. இன்று கொண்டை முடியுமளவுக்குக் கை எட்டாவிட்டாலும், சோற்றைத் தாமே பிசைந்து உண்கிறார். முதுமையில் பிறர் கையை எதிர்பாராமல் உண்பது சிறிய செல்வமா? அதைக் காப்பதே இம்மருத்துவத்தின் நோக்கம். வழுக்கும் கிணற்றடியைத் தேய்த்துக் கழுவி வைப்பதோ, நம் கையில் உள்ள மருத்துவம்!