அம்பத்தூரில் ஒரு காமிரா

சென்ற ஞாயிறன்று மாணவர் நால்வருடன் அம்பத்தூரில் போய் இறங்கினோம். "இங்கே படமெடுக்க என்ன ஸார் இருக்கிறது?" என்றான் ஒருவன். கோபுரம் ஒன்று இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டான்!

அவன் வந்த ரயில் பாதையே விடை. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு இவ்வழியேதான் ஓடிற்று. சென்னையில் போட்டோகிராபிச் சங்கம் பிறந்ததும் அவ்வருஷமே. அதில் முன்னின்ற டாக்டர் ஹண்டர், 1850இல் தாம் துவக்கிய கலாசாலையில் மட்பாண்டத் தொழிலோடு புகைப்படக் கலையையும் கற்பிக்கச் செய்தவர்.

1949இல் இங்கு சைக்கிள் தொழிற்சாலை, 1964இல் தொழிற்பேட்டை. இன்று கம்ப்யூட்டர் மாளிகைகளுக்கிடையே, ரம்பப் பல் போன்ற கூரையுடன் பழைய கொட்டகையொன்று இடிபடக் காத்து நின்றது. பல்லின் கண்ணாடி முகம் வடக்கே பார்க்கும். வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் விழும். போட்டோக்காரர் தேடும் வெளிச்சமும் அதுவே.

அங்கே முன்பு லேத் ஓட்டிய பெரியவரொருவர், "கூரையை எடுக்கிறீர்கள், முப்பது வருஷம் அதன் கீழ் நின்ற எங்களை ஒருவரும் எடுத்ததில்லையே, ஐயா" என்றார். நமக்கு முகம் சுருங்கிற்று. கேள்வி கேட்ட பையன்தான் அவரை உள்ளே அழைத்துப் போனான். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, லேத் இருந்த இடத்தைத் தேடிப் போய் நின்றார்.

ஆவடியில், 1965இல் தன் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய ஆலைப் பக்கம், காமிரா பைக்குள் போயிற்று, ராணுவ எல்லையல்லவா? பையனுக்கு அதில் வருத்தமில்லை. கொட்டகை இடியுமுன் பெரியவரிடம் படத்தைச் சேர்க்க வேண்டுமென்பதே அவன் கவலை.