சர்வகலாசாலைகளில் ஆபத்துதவிப் பயிற்சி

ஆபத்து நேர்ந்தவிடத்து ஓடிச்சென்று உதவவேண்டுமென்னும் எண்ணம் இளைஞர்க்கு இயல்பாகவே உண்டு. அதனை ஒருவரும் அவர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. கற்பிக்க வேண்டுவது யாதெனின், எவ்விடத்து ஓடவேண்டும், எவ்விடத்து நிற்கவேண்டும் என்பதேயாம். நல்ல சமாரியனின் உவமையை நாம் சிறுவயது முதற் கேட்டிருக்கிறோம். அவனுடைய இரக்கத்தைக் குறித்துப் பிரசங்கங்கள் பல உண்டு. ஆயினும் அவனிடம் எண்ணெயும் திராட்சரசமும் இருந்தன என்பதையும், காயங் கட்டும் வகையை அவன் அறிந்திருந்தான் என்பதையும், குற்றுயிராய்க் கிடந்தவனை ஏற்றிச்செல்ல ஒரு வாகனம் வைத்திருந்தான் என்பதையும் எடுத்துக்காட்டுவோர் மிகச் சிலரே.

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் தேதி காலை மெக்ஸிக்கோ நகரைப் பெரும்பூகம்பம் ஒன்று தாக்கிற்று. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சரிந்தன. அரசாங்கத்தார் வந்து சேருமுன்னே, மாணவரும் தொழிலாளரும் அண்டை வீட்டாரும் தாமாகவே திரண்டு, வெறுங்கையால் இடிபாடுகளைத் தோண்டலாயினர். அவ்வாறு பயிற்சியின்றி வந்த தொண்டர்கள் ஏறக்குறைய 800 உயிர்களைக் காத்தனர் என்பர். ஆனால் அம்முயற்சியிலேயே அவர்களுள் ஏறக்குறைய 100 பேர் மாண்டனர். இவ்விரண்டு தொகைகளையும் ஒருங்கே நோக்குவார்க்கு மகிழ்வதா அழுவதா என்று விளங்காது. மாண்டவர்கள் துணிவிற் குறைந்தவர்களல்லர். சரிந்த கட்டடம் மறுபடியும் சரியும் என்பதனை அவர்க்கு முன்னரே சொல்வார் இல்லாது போயிற்று.

அந்நகருக்குச் சென்று நிலைமையைக் கண்டு திரும்பிய லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தீயணைப்புப் படையினர், தம் ஊரிலும் இத்தகைய பூகம்பம் ஒருநாள் வருமென்றும், அந்நாளில் தம்மால் எல்லாத் தெருக்களுக்கும் போக இயலாதென்றும் உணர்ந்தனர். ஆகவே பொதுமக்களிற் சிலரைப் பழக்கத் தொடங்கினர். 1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதற் கூட்டத்தார் 30 பேர் பயிற்சியை முடித்தனர். 1987-ஆம் ஆண்டில் அந்நகரையே ஒரு பூகம்பம் அசைக்க, முயற்சி விரிவடைந்தது. 1993-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் அவசரநிலை நிர்வாக இலாகா இதனைத் தேசமெங்கும் பரவச் செய்தது. பின்னர்ச் சர்வகலாசாலைகள் பலவும் தம் மாணவர்க்கும் ஊழியர்க்கும் இதனை அளிக்கலாயின.

சர்வகலாசாலைக்கு இதன் தேவை என்னையெனின், 1994-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதியைக் கூறுவோம். அன்று விடியற்காலை 4 மணி 31 நிமிஷத்திற்கு நார்த்ரிட்ஜ் என்னுமிடத்தில் நிலம் அதிர்ந்தது. அங்குள்ள அரசாங்க சர்வகலாசாலையின் கட்டடங்கள் பெருஞ்சேதமுற்றன. மோட்டார் வண்டிகள் நிறுத்தும் பன்னடுக்கு மண்டபம் ஒன்று முறுக்கிய தகடுபோல் வளைந்து வீழ்ந்தது. அருகிலிருந்த மூன்றடுக்குக் குடியிருப்பொன்றின் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தனர். அது விடுமுறை நாள். அதுவும் இருள் நீங்காத வேளை. பாடவேளை நண்பகலில் நிகழ்ந்திருப்பின் என்னாகியிருக்கும் என்பதை நினைக்கவும் மனம் ஒவ்வவில்லை. விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் உறங்குவதும், ரசாயனசாலைகளில் எரிபொருளும் நச்சுப்பொருளும் ஒருங்கே இருப்பதும், எந்த அறையில் எவர் இருப்பர் என்பதை மாணவர்களே அறிந்திருப்பதும் இவ்விடங்களுக்கே உரியன.

இனிப் பயிற்சியின் தன்மையைக் காண்போம். அது ஏறக்குறைய 20 மணி நேரம் நடைபெறும். சிறு நெருப்பை அணைக்கும் கருவியை எடுத்து, ஆணியை இழுத்து, குழாயைத் தீயின் அடிக்கு நேராய்ப் பிடித்து, பிடியை அழுத்தி, இருபுறமும் வீசுதல் முதலாவது. ஐந்து விநாடிக்குள் தீ தணியாவிடின் வெளியேற வேண்டும். எரிவாயுவின் நாற்றம் வீசினால் அதன் அடைப்பை மூடலாம். மீண்டும் திறத்தல் அவ்வேலைக்குரியவர்க்கே உரியது. எக்காரியத்தையும் தனியே செய்யலாகாது. இருவராயினும் சேர்ந்தே செல்லவேண்டும்.

எல்லாவற்றினும் கடினமான விதி கட்டடத்தைப் பற்றியது. தொண்டர்கள் முதலில் அதனைச் சுற்றி வந்து, சேதம் சிறிதோ, நடுத்தரமோ, பெரிதோ என்று நிதானிப்பர். சிறிதாயின் உட்புகுந்து தேடலாம். நடுத்தரமாயின் சிலர் மட்டும் விரைவிற் சென்று கிடைத்தவரை வெளிக்கொணர்ந்து, சிகிச்சையைப் புறத்தே செய்யவேண்டும். பெரிதாயின் புகலாகாது. உள்ளிருந்து ஒருவர் கூவும் ஓசை கேட்பினும் புகலாகாது! பிறரும் நெருங்காதபடி எச்சரித்து, உரிய படையினர்க்குச் செய்தி சொல்லி, வெளியில் நிற்றல் வேண்டும். இதனைப் படிக்கும்போது நம் நெஞ்சு எதிர்த்து நின்றது உண்மை. மெக்ஸிக்கோவின் நூறு பேரை நினைத்த பின்னரே ஒருவாறு இசைந்தது.

பாரமான சுவர்த்துண்டின்கீழ் அகப்பட்டவரை விடுவிக்கும் முறையும் அழகியது. கடப்பாரையால் நெம்பி ஓரங்குலம் உயர்த்தினவுடனே, அவ்வோரங்குலத்திற்கும் மரக்கட்டையால் முட்டுக் கொடுப்பர். பின்னரே அடுத்த அங்குலத்தை நெம்புவர். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கிக்கொண்டு போவதால், கடப்பாரை வழுக்கினும் பாரம் அகப்பட்டவர்மேல் விழாது. பலசாலிகள் இதிற் பெரும்பாலும் தவறுகின்றனர். ஒரே மூச்சில் தூக்க முனைகின்றனர்.

காயமுற்றோரை வகைப்படுத்தும் முறை ஒன்று 1983-ஆம் ஆண்டில் காலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில், ஹோக் வைத்தியசாலையாரும் தீயணைப்புப் படையினரும் சேர்ந்து வகுத்தது. பல ஆண்டுகள் இப்பயிற்சியில் இதனையே கற்பித்தனர். நடக்கக்கூடியோர் யாவரும் ஓரிடத்திற்கு வருக என்று முதலில் உரக்கக் கூவவேண்டும். வருவோர்க்குப் பச்சைச் சீட்டு. எஞ்சியோரை நின்ற இடத்திலிருந்து வரிசையாய்ப் பார்க்கவேண்டும். ஒருவர்க்கு அரை நிமிஷத்திற்கு மேற் செலவிடலாகாது. மூச்சு நிமிஷத்திற்கு 30-க்கு மேற்பட்டால் சிவப்புச் சீட்டு. நகத்தை அழுத்தி விட்டபின் இரத்தம் 2 விநாடிக்குள் திரும்பாவிடினும், சொன்ன எளிய காரியத்தைச் செய்ய இயலாவிடினும் சிவப்பே. மற்றையோர்க்கு மஞ்சள். மூச்சே இல்லாதவர்க்குத் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறந்து பார்ப்பர்; அப்பொழுதும் வாராவிடின் கறுப்புச் சீட்டைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போகவேண்டும். இடையே பெருகும் இரத்தத்தை நிறுத்தலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யலாகாது.

அடுத்தவரிடம் போகவேண்டும் என்று எழுதுவது எளிது. கிடப்பவன் தன் அறைத்தோழனாயின் என் செய்வது? இவ்வினாவிற்குப் புத்தகத்தில் விடையில்லை. பழகிய கை கலக்கத்திலும் தன் வேலையைச் செய்யுமென்னும் நம்பிக்கையால் திரும்பத் திரும்பப் பழக்குகின்றனர். தொண்டர் தம் மனநிலையைக் குறித்தும், பின்னர் வரும் உறக்கமின்மை முதலியவற்றைக் குறித்தும் ஒரு பாடம் தனியே வைத்திருக்கின்றனர். அதனை வீண் என்பாருடன் நாம் உடன்படோம்.

தலைமையைப் பற்றிய ஏற்பாடு 1970-ஆம் ஆண்டின் காலிபோர்னியக் காட்டுத்தீயின்பின் பிறந்தது. அப்பொழுது பல படைகள் ஒன்றன் சொல் மற்றொன்றிற்கு விளங்காமல் இடர்ப்பட்டன. இப்பயிற்சியில் முதலில் வந்த தொண்டனே தலைவன். தகுதி மிக்கவர் வரின் நடந்ததை உரைத்துத் தலைமையை ஒப்புவித்து விலகுவான். ஒருவன்கீழ் ஏறக்குறைய ஐவரே இருக்கலாம். பேராசிரியர் மாணவனின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் விநோதமும் இதனால் நேரும்.

இருபது மணி நேரம் கற்றவன் தன்னை வைத்தியனென்று எண்ணிக் கெடுப்பான் என்று அஞ்சுவோர் உளர். பாடத்திற் பெரும்பகுதி செய்யலாகாதவற்றைப் பற்றியதாகலின், அவ்வச்சம் மிகை என்பது நம் கருத்து. மெய்யான குறை வேறு. சர்வகலாசாலையில் மாணவர் நான்கு ஆண்டே தங்குவர். நன்கு பழகினவன் பட்டம்பெற்று அகல்கின்றான். கற்றதும் பழக்கமின்றேல் மறக்கும். ஆதலின் ஆண்டுதோறும் புதியோரைச் சேர்த்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர். முடிவில் ஒத்திகை நிகழும். மாணவரிற் சிலர் செஞ்சாயம் பூசி, கால் முறிந்தோராயும் மூர்ச்சித்தோராயும் மேசைகளின்கீழ்க் கிடப்பர். பச்சைத் தலைக்கவசமும் பச்சை மேற்சட்டையும் அணிந்த ஏனையோர் இருவர் இருவராய் விளக்கேந்தி உள்ளே நுழைந்து, வாயிற்கதவில் ஒரு சாய்கோடு இழுப்பர். வெளிவரும்போது அதனைக் குறுக்கே வெட்டி மற்றொன்றை இழுப்பர். ஒரு கோடு மட்டும் நின்றால் உள்ளே இன்னும் ஆளுண்டு என்பது பொருள்.